வாய் தவறி சொன்னத வெச்சு எட்டு மாசம் விளையாடினோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க வார இணைப்புல டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்ஸ் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். தமிழ் செய்தித்தாள்ல இந்த விளையாட்டுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கினதுக்கே முதல்ல நன்றி சொல்லணும். பன்னெண்டு வருஷமா இத நடத்திட்டு இருக்கேன், இது என்ன விளையாட்டுன்னு யாராவது கேட்டா காட்டுறதுக்கு தமிழ்ல ஒரு பக்கம் கூட என் கைல இருந்ததில்ல, இனிமே உங்க கட்டுரைய காட்டலாம். ஆனா அதுல ஒரு இடத்த மட்டும் என்னால அப்படியே விட்டுட்டு போக முடியல. புதுசா கேம் மாஸ்டர் ஆகுறவங்களுக்கு அறிவுரைன்னு சொல்லி, கதைய முழுசா முன்னாடியே எழுதி வெச்சுக்கணும், பிளேயர்ஸ் என்ன கேட்டாலும் பதில் ரெடியா இருக்கணும், தடுமாறிட்டா மேஜைல உங்க பேச்சு எடுபடாதுன்னு போட்டிருந்தீங்க. இத படிச்சுட்டு யாரோ ஒருத்தர் 'நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது'ன்னு ரூல்புக்க மூடி வெச்சிருந்தா? அந்த கவலைல தான் எழுதுறேன். என் அனுபவத்துல தடுமாறுற அந்த இடத்துல தான் இந்த விளையாட்டோட உசுரே இருக்கு.

கட்டுரைய படிக்காத வாசகர்களுக்காக நாலு வரி. ஒரு மேஜைய சுத்தி நாலஞ்சு பேர் உக்காருவாங்க. ஒருத்தர் கேம் மாஸ்டர், சுருக்கமா ஜிஎம். அவர் ஒரு உலகத்த வாயால சொல்லுவார், மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர எடுத்துட்டு 'நான் இத பண்றேன்'னு சொல்லுவாங்க, முடியுமா முடியாதான்னு சந்தேகம் வர்ற இடத்துல டைஸ் உருட்டுவாங்க. ஜெயிக்கறது தோக்கறதுன்னு ஒண்ணும் கிடையாது, கதை நகரும், அவ்வளவு தான்.

இப்போ என் மேஜைல நடந்த ஒரு ஓடக்காரர் விஷயத்துக்கு வரேன்.

ஒரு கேம்பெயின்ல, அதாவது பல வாரம் தொடர்ந்து ஆடுற ஒரு கதைல, முதல் செஷன்ல பிளேயர்ஸ் ஒரு ஆத்த கடக்க வேண்டியிருந்தது. ஓடக்காரர் ஒருத்தர் வராருன்னு சொன்னேன், சும்மா ஒரு ஆளா இருக்க வேண்டாமேன்னு அவருக்கு இடது கை வராது, துடுப்ப முழங்கைல கயிறு போட்டு கட்டிட்டு வலிப்பாருன்னு சேர்த்துட்டேன். அந்த நிமிஷத்துல தோணினது, எங்கயும் எழுதி வெக்கல. மூணாவது செஷன்ல அதே ஆத்துக்கு திரும்பி வந்தாங்க. என் கவனம் பூரா அக்கரைல இருந்த மலைக்கோட்டை மேல. ரெண்டு வாரம் உக்காந்து மேப் போட்டு, ஒவ்வொரு அறைலயும் என்ன இருக்குன்னு எழுதி வெச்சிருந்தேன். ஆத்துக்கு என் நோட்ல இருந்தது ஒரே வரி, 'ஆத்த கடக்குறாங்க'. அந்த அவசரத்துல 'ஓடக்காரர் உங்கள பாத்துட்டு ரெண்டு கையாலயும் வேகமா துடுப்பு போட்டுட்டு கரைக்கு வராரு'ன்னு சொல்லிட்டேன்.

வைத்தியச்சி கேரக்டர் ஆடுற பொண்ணு தலைய நிமித்தி, 'அக்கா, போன தடவ அவருக்கு இடது கை வராதுன்னு சொன்னீங்களே?'ன்னு கேட்டா.

எனக்கு ஒண்ணும் ஓடல. ஒரு அஞ்சு செகண்ட் வாய தொறக்காம அவளையே பாத்துட்டு இருந்தேன். 'அட ஆமாம்மா, மறந்துட்டேன், ஒரு கைன்னு வெச்சுக்கோ'ன்னு சொல்றதுக்கு வாய் எடுத்தது உண்மை. ஆனா அதுக்குள்ள அந்த அஞ்சு செகண்ட் மௌனத்த மேஜைல இருந்தவங்க வேற மாதிரி படிச்சுட்டாங்க. பக்கத்துல இருந்த பையன் அவ கைய லேசா அமுக்கி, 'பேசாத, அவன் படக திருப்பிடப் போறான்'னு கிசுகிசுத்தான். கவனிச்சீங்களா, ஒரு மூச்சு முன்னாடி வரைக்கும் 'அவரு', இப்போ 'அவன்'. நான் ஒரு வார்த்த சொல்லல, அந்த மேஜைல ஒரு ஆள் மாறாட்டக்காரன் அந்த ஒரு விகுதில பொறந்துட்டான்.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், 'சரி, இப்போ என்ன பண்றீங்க?' வைத்தியச்சி யோசிச்சா. ஓடக்கூலி காச எடுத்து, அவனோட இடது பக்கமா பாத்து சுண்டி விடுறேன்னா. எல்லாரும் என் முகத்த பாக்குறாங்க. புடிச்சுட்டான்னு சொன்னேன். இடது கையால, ரொம்ப சாதாரணமா.

அதுக்கப்புறம் மூணு மணி நேரம் நாங்க அந்த ஆத்து நடுவுல தான் இருந்தோம். மலைக்கோட்டை அப்படியே கெடந்தது. அவன் யாருன்னு அப்போ எனக்கே தெரியாது, தண்ணி குடிச்சுட்டு வரேன்னு எழுந்து போய் பத்து நிமிஷம் என் நோட்ட பொரட்டினேன். ஒரு ஓரத்துல ஆத்தோட ரெண்டு கரைலயும் சுங்கம் வசூலிக்கணும்னு ஆசப்படுற ஒரு குறுநிலத் தலைவன் பத்தி எழுதி வெச்சிருந்தேன், அவன எப்போ கொண்டு வரலாம்னு தெரியாம சும்மா கெடந்தான். யார் யார் ஆத்த கடக்குறாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசப்படுறவன் தன்னோட ஆள ஓடத்துல உக்கார வெக்க மாட்டானா? அப்போ நிஜமான ஓடக்காரர் எங்க? இந்த கேள்விய என்கிட்ட கேட்டது நான் இல்ல, பிளேயர்ஸ். அந்த ஒரு கேள்வில எட்டு மாசம் ஓடுச்சு. கடைசில ஒரு நிலவறைல கயிறு கட்டின தழும்போட அந்த பெரியவர கண்டுபிடிச்ச அன்னைக்கு ரெண்டு பேர் நிஜமாவே அழுதாங்க, நானும் தான்.

என் தப்பு மட்டும் அத உண்டாக்கலன்றத சொல்லியாகணும். வாய் தவறினது வெறும் வாய் தவறினது தான். அத புடிச்சுக்கிட்டது ஒரு பொண்ணோட ஞாபக சக்தி, அத பெருசாக்கினது ஒரு பையனோட கிசுகிசு, நான் பண்ணினது குறுக்க வராம இருந்தது. அப்புறம் அன்னைக்கு ராத்திரியே உக்காந்து எல்லாத்தையும் எழுதி வெச்சேன், ஏன்னா மேஜைல சொன்னது எல்லாம் அந்த நிமிஷத்துல இருந்து உண்மை, அடுத்த வாரம் நான் அத மறந்தா அந்த மூணு மணி நேரமும் பொய்யா போயிடும். திடீர்னு சமாளிக்கிறது ஒரு திறமைன்னு நெறைய பேர் பேசுறாங்க, சொன்னத காப்பாத்துறது பத்தி பேசுறவங்க கம்மி. எனக்கு ரெண்டாவது தான் கஷ்டமாவும் முக்கியமாவும் படுது.

இந்த விளையாட்டே இப்படி தான் பொறந்துச்சுன்றது உங்க கட்டுரைல வரல. 1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ வெளியிட்டாங்க, முதல் அச்சு 1000 பிரதின்றதோட ஆரம்பிச்சிருந்தீங்க, சரி தான். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சம்பவம் இருக்கு. 1969-ல அமெரிக்காவோட மினியாபோலிஸ், செயின்ட் பால் பக்கத்துல டேவிட் வெஸ்லின்னு ஒருத்தர் தன்னோட வார்கேம், அதாவது போர் விளையாட்டு ஆடுற நண்பர்களுக்கு நெப்போலியன் காலத்து சண்டை ஒண்ணு நடத்தினார். பிரவுன்ஸ்டைன்னு ஒரு கற்பனை ஜெர்மன் ஊர், ரெண்டு பக்கமும் படை வந்துட்டு இருக்கு. படைத்தலைவர்களோட நிறுத்தாம, ஊர் மேயர், பேங்க் நடத்துறவர், பல்கலைக்கழகத் தலைவர்னு சில பேருக்கு தனித்தனி வேஷமும் ஆளுக்கு ஒரு நோக்கமும் குடுத்தார். அவங்க என்னடான்னா சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுந்து போய் மூலை மூலையா நின்னு ரகசியம் பேசி, பேரம் பேசி, சதி பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு பேர் வந்து நாங்க ஒத்தைக்கு ஒத்தை மோதப் போறோம்னு நிக்குறாங்க, அதுக்கு அவர்கிட்ட விதியே இல்ல, அங்கேயே டைஸ் உருட்டி ஒரு முடிவு சொன்னார். படையும் படையும் மோதவே இல்ல. வீட்டுக்கு போகும்போது ஆட்டம் சொதப்பிடுச்சுன்னு தான் வெஸ்லி நெனச்சார். ஆனா ஆடினவங்க வந்து இன்னொண்ணு எப்போன்னு கேட்டாங்க. அந்த கூட்டத்துல இருந்தவர் தான் ஆர்னெசன், அவர் பின்னாடி பிளாக்மூர்னு தனியா ஒரு உலகத்த நடத்தி, அது கைகாக்ஸ் கைக்கு போய், 1974 வந்துச்சு.

இதுக்கும் பின்னாடி ஒரு நூல் ஓடுது. 1824-ல பிரஷ்ய ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ்ன்ற அதிகாரி போட்ட போர் விளையாட்டுல கணக்கும் அட்டவணையும் நெறைய. 1876-ல வெர்டி து வெர்னுவான்னு இன்னொரு பிரஷ்ய அதிகாரி வந்து இந்த அட்டவணை எல்லாம் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் நிலைமைய பாத்து அங்கேயே தீர்ப்பு சொல்லட்டும்னார். 1880-ல சார்லஸ் டாட்டன்ற அமெரிக்க ராணுவ அதிகாரி எழுதின விதிப்புத்தகத்த தேடிப் புடிச்சு தான் வெஸ்லி படிச்சிருந்தார், ஆடுறவங்க எதையும் முயற்சி பண்ணலாம், ஆகுமா ஆகாதான்னு நடுவர் சொல்லணும்ன்ற எண்ணம் அவருக்கு வந்ததே அங்கேருந்து தான். ஆக 'முன்கூட்டியே எழுதாதத எப்படி தீர்க்கறது'ன்றது இன்னைக்கு நேத்து வந்த சோம்பேறித்தனம் இல்ல, ராணுவ அதிகாரிங்க தலைய ஒடச்சுக்கிட்ட கேள்வி.

இன்னும் ரெண்டு சொல்லிட்டு விட்டுடறேன், எனக்கு ரொம்ப பிடிச்சதுங்க. ஆர்னெசனோட பிளாக்மூர்ல ஒரு பிளேயரோட கேரக்டர் ரத்தக்காட்டேரியா மாறி, யாராலயும் சமாளிக்க முடியாத அளவுக்கு பலமாயிடுச்சு. அவன அடக்க ஒரு ஆள் வேணுமேன்னு காட்டேரி வேட்டைக்காரன் ஒருத்தன உருவாக்கினாங்க, இன்னைக்கு உலகம் பூரா ஆடுற கிளெரிக்ன்ற பூசாரி வகை கேரக்டரோட மூதாதை அவன் தான். அப்புறம் ரஸ்ட் மான்ஸ்டர், அவுல்பேர்னு இந்த விளையாட்டுல வர்ற ரெண்டு ஜந்து. ஹாங்காங்ல செஞ்ச மலிவு பிளாஸ்டிக் பொம்மைங்க ஒரு பைல வரும், எந்த மிருகம்னே சொல்ல முடியாத உருவம். கைகாக்ஸ் அத தன் மேஜைல வெச்சு, இது என்னவா இருக்கும்னு யோசிச்சு ஒண்ண இரும்பெல்லாம் துருவாக்குற ஜந்துவா ஆக்கினார், இன்னொண்ண ஆந்தை தலையும் கரடி உடம்புமா ஆக்கினார். பொம்ம செஞ்சவர் இத கனவுல கூட நெனச்சிருக்க மாட்டார்.

டைஸ் பத்தி. 'டைஸ் சில நேரம் கதைய கெடுத்துடும், ஜிஎம் திரைக்கு பின்னாடி சரி பண்ணிக்கலாம்'னு கட்டுரைல ஒரு வரி. திரைன்றது ஜிஎம் தன்னோட டைஸையும் நோட்டையும் மறைக்க முன்னாடி நிக்க வெக்கிற அட்டை. இதுல எனக்கு கடுமையான கருத்து வேறுபாடு இருக்கு, அதுக்கு காரணம் நானே பண்ணின ஒரு காரியம்.

நாலு மாசம் வளத்த ஒரு வில்லன். பெரிய மண்டபம், அவனோட பேச்சு ஒரு பக்கத்துக்கு எழுதி வெச்சிருந்தேன். முதல் சுத்துலயே ஒரு பையன் இருபது பக்க டைஸ்ல 20 போட்டான். இருபதுல ஒண்ணு, 5 சதவீதம். அடுத்தவனும் நல்லா அடிச்சான். கணக்குப்படி வில்லன் செத்துட்டான், வாயே தொறக்கல. நான் திரைக்கு பின்னாடி அவனோட ஹிட் பாயிண்ட்ல, அதாவது எவ்வளவு அடி தாங்குவான்ற கணக்குல, இன்னும் 30 கூட்டிட்டு 'தள்ளாடுறான், ஆனா நிக்குறான்'னு சொன்னேன். ஆட்டம் ஒரு மணி நேரம் ஓடுச்சு, என் பேச்சையும் படிச்சேன், எல்லாரும் கை தட்டினாங்க. கிளம்பும்போது பாத்தா அந்த பையனோட கேரக்டர் ஷீட் ஓரத்துல பென்சில்ல வரிசையா கூட்டல் கணக்கு, ஒவ்வொரு அடியும் எவ்வளவுன்னு. கீழ மொத்தம் போட்டு, பக்கத்துல ஒரு சின்ன கேள்விக்குறி. அவன் ஒண்ணும் கேக்கல. அடுத்த மாசம் முக்கியமான ஒரு இடத்துல அவன் டைஸ் உருட்டும்போது, எப்பவும் போல கைக்குள்ள வெச்சு ஊதிட்டு போடல, சும்மா மேஜைல விட்டான். என்ன விழுந்தா என்னன்னு. அத பாத்த அன்னைக்கு திரைய மடிச்சு வெச்சவ தான், இன்னைக்கு வரைக்கும் எல்லாம் மேஜை நடுவுல எல்லார் கண்ணுக்கும் முன்னாடி தான் உருட்டுறேன்.

அன்னைக்கு வில்லன் முதல் சுத்துலயே செத்திருந்தா என்ன நடந்திருக்கும்? மண்டபத்துல அவனோட ஆளுங்க நாப்பது பேர் தலைவன் இல்லாம நின்னிருப்பாங்க. யார் அடுத்த தலைவன்னு அங்கேயே அடிச்சுக்கிட்டிருப்பாங்க, பாதி பேர் வந்து பிளேயர்ஸ் கால்ல விழுந்திருப்பாங்க. நான் எழுதி வெச்ச பேச்ச விட அது எவ்வளவோ மேல். நான் புடிச்ச முயலுக்கு மூணு கால்னு நின்னு, கைல விழுந்தத தட்டி விட்டேன்.

சொதப்புறதும் அப்படியே. 'பூட்டு தொறக்கல' அப்படின்னு ஜிஎம் சொல்லிட்டு நிறுத்தினா தான் டைஸ் கதைய கெடுக்கும். 2010-ல வின்சென்ட் பேக்கரோட அபோகலிப்ஸ் வேர்ல்ட் வந்த பிறகு இதுக்கு ஒரு அழகான வழி பரவலாச்சு. ரெண்டு ஆறு பக்க டைஸ், கூட்டினா 10 இல்ல அதுக்கு மேல வந்தா நெனச்சது நடக்கும், 7-ல இருந்து 9 வரைக்கும் நடக்கும் ஆனா ஒரு விலை இருக்கு, 6 இல்ல அதுக்கு கீழ வந்தா ஜிஎம் கைல. 36 சேர்க்கைல கணக்கு போட்டு பாருங்க, சுத்தமா ஜெயிக்கறது 6, விலை குடுத்து ஜெயிக்கறது 15, வசமா மாட்டுறது 15. கேரக்டரோட திறமைக்குன்னு சேர்க்குற கூட்டல் கழித்தல் எதுவும் இல்லாம சொல்றேன். அதாவது முக்கால்வாசிக்கும் மேல 'சரி, ஆனா...' இல்லன்னா 'ஐயையோ'. பூட்டு தொறந்துடுச்சு, ஆனா சாவி உள்ளயே ஒடஞ்சு போச்சு, இனிமே மூட முடியாது, யார் வந்தாலும் தெரிஞ்சுடும். இந்த 'ஆனா'வ முன்னாடியே யாராலயும் எழுதி வெக்க முடியாது, அங்க உக்காந்து தான் கண்டுபிடிக்கணும்.

இதே மாதிரி பழைய விதி ஒண்ணு இருக்கு, இப்போ பல பேர் கண்டுக்கறதே இல்ல, அதுல எனக்கு வருத்தம். 1981-ல வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் பதிப்புல ஏதாவது ஒரு ஜந்துவ எதிர்ல பாத்தா, அது என்ன மனநிலைல இருக்குன்னு ரெண்டு ஆறு பக்க டைஸ் உருட்டணும். 2 வந்தா உடனே பாயும், 12 வந்தா நட்பா நடந்துக்கும். 36-ல ஒரு தடவ தான் 12. ஒரு குகைல காவலுக்கு நின்ன காப்ளின்ற குட்டி பூதம் ஒருத்தனுக்கு எனக்கு அந்த 12 விழுந்தது. சண்டைக்கு தான் அவன அங்க நிக்க வெச்சேன், பேரு கூட வெக்கல. 12 விழுந்ததும் அவன் கைல இருந்த ஈட்டிய கீழ வெச்சுட்டு 'வாங்க, இங்க ஒருத்தரும் பேச வர்றதில்ல'ன்னுட்டான். உடனே ஒருத்தர் 'உன் பேரு என்னப்பா'ன்னு கேட்டார். என் கண்ணு முன்னாடி மேப் காகிதம் ரெண்டையும் சேத்து ஒரு குண்டூசி குத்தியிருந்தது, அத பாத்து 'குண்டூசி'ன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் நான் ஏன் அந்த பேருன்னு பதில் சொல்லாம, கேட்டவர்கிட்டயே 'உங்களுக்கு என்ன தோணுது'ன்னு திருப்பி விட்டேன், அவர் கொஞ்ச நேரம் யோசிச்சு, 'அவங்க கூட்டத்துல எல்லாரும் பிரிஞ்சு போகும்போது இவன் தான் சேத்து வெச்சிருப்பான்'னார். இத நான் பத்து ராத்திரி கண்ணு முழிச்சாலும் எழுதியிருக்க மாட்டேன். குண்டூசி ரெண்டு வருஷம் அவங்க கூட வந்தான். பிளேயர்ஸுக்குள்ள நிஜமா ஒரு மனஸ்தாபம் வந்து ஆட்டமே நின்னுடும் போல இருந்த ஒரு நாள், அவன் பேச்ச எடுத்து தான் ரெண்டு பேரும் திரும்ப பேசிக்கிட்டாங்க.

அப்போ தயாரிப்பே வேண்டாமான்னு கேப்பீங்க. வேணும், ஆனா வேற மாதிரி வேணும். சுங்கம் கேட்ட அந்த தலைவன் என் நோட்ல இல்லாம இருந்திருந்தா ஓடக்காரன் பத்து நிமிஷத்துல ஒண்ணுமில்லாம போயிருப்பான். அதனால நான் இப்போ காட்சிய எழுதறதில்ல, ஆள எழுதறேன். இவனுக்கு என்ன வேணும், எதுக்கு பயப்படுவான், யார் தடுத்தா என்ன பண்ணுவான், ஒரு ஆளுக்கு மூணு வரி. ஒரு பக்கத்துல இருபது பேரு எழுதி வெச்சுப்பேன், ஒண்ண உபயோகிச்சதும் அடிச்சுட்டு பக்கத்துல யாருக்குன்னு எழுதிடுவேன். ஒரு உண்மை பிளேயர்ஸுக்கு தெரிஞ்சே ஆகணும்னா அதுக்கு ஒரு துப்பு வெச்சா பத்தாது, மூணு வேணும், ஏன்னா ஒண்ண கண்டுக்க மாட்டாங்க, ஒண்ண தப்பா புரிஞ்சுப்பாங்க. மேப்ல பாதி வெள்ளையா விடறேன். இவ்வளவும் ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுடும்.

சமாளிக்க கூடாத இடமும் உண்டு, அதையும் மறைக்காம சொல்றேன். கொலை யார் பண்ணினாங்கன்னு தேடுற கதைல, பிளேயர்ஸ் சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டாங்களேன்னு ஜிஎம் குற்றவாளிய மாத்துறது. அது திடீர் கற்பனை இல்ல, ஏமாத்து வேலை. அவங்க சேத்த ஒவ்வொரு துப்பும் அதோட செல்லாக்காசு ஆயிடுது. மேஜைல ஏற்கனவே சொல்லி முடிச்சது, டைஸ் காட்டினது, இத தொடக்கூடாது. சொல்லாதது எல்லாம் களிமண், எப்படி வேணா பிசையலாம்.

இன்னொண்ணு, எழுதி வெக்காத கதை எங்க போய் முட்டும்னு யாருக்கும் தெரியாது, அது ஒருத்தரோட நிஜமான காயத்துலயும் போய் முட்டலாம். எங்க மேஜைல ஒரு தடவ, நெருப்புல மாட்டின வீடு ஒண்ண நான் ரொம்ப ரசிச்சு விவரிச்சுட்டு இருக்கேன், எதிர்ல ஒருத்தரோட முகம் வெளுத்து போச்சு. அவங்க வாழ்க்கைல நடந்தது எனக்கு தெரியாது. அன்னைல இருந்து எக்ஸ்னு எழுதின ஒரு கார்ட மேஜை நடுவுல வெக்கறேன், யார் தொட்டாலும் காரணம் கேக்காம அந்த காட்சிய விட்டுட்டு நகந்துடுவோம். பல நாட்டுலயும் இப்போ இந்த பழக்கம் இருக்கு. கட்டுரைல இது பத்தி ஒரு வரியாவது வந்திருக்கணும்னு நெனைக்கறேன், புதுசா நடத்துறவங்களுக்கு நாப்பது பக்கம் கதைய விட இந்த ஒரு அட்டை முக்கியம்.

அதனால உங்ககிட்ட என் வேண்டுகோள். தொடரோட அடுத்த பகுதி எழுதும்போது, கதைய முழுசா முடிச்சுட்டு தான் மேஜைக்கு வரணும்ன்ற அறிவுரைய திருத்தி போடுங்க. பேரு தெரியலன்னா கண்ணுல பட்டத சொல்லலாம்னு சொல்லுங்க. 'எனக்கு தெரியல, நீங்க சொல்லுங்க, அந்த கதவுக்கு பின்னாடி என்ன இருக்கும்னு உங்க கேரக்டர் பயப்படுது'ன்னு பிளேயர்கிட்டயே கேக்கறதுக்கு ஜிஎம்முக்கு உரிமை இருக்குன்னு சொல்லுங்க. விதி ஞாபகம் வரலன்னா நியாயமா பட்ட ஒரு தீர்ப்ப அங்கேயே சொல்லிட்டு, ஆட்டம் முடிஞ்சப்புறம் புத்தகத்த பாத்து அடுத்த வாரத்துல இருந்து சரி பண்ணிக்கலாம்னு சொல்லுங்க. முதல் தடவ நடத்துறவங்க ஒரு ஒன்-ஷாட்டோட ஆரம்பிக்கட்டும், ஒரே நாள்ல முடியற கதை, நாலு பேர், ஒரு பக்கம் நோட், போதும்.

போன ஞாயித்துக்கிழமை எங்க ஆட்டம் ஒரு பழைய மடத்தோட பூட்டின கதவுக்கு முன்னாடி நின்னுச்சு. உள்ள காலி அறை, தூசி தவிர ஒண்ணும் இல்லன்னு தான் என் நோட்ல இருக்கு. டைம் ஆச்சுன்னு எல்லாரும் பைய எடுக்கும்போது, எப்பவும் அதிகம் பேசாத ஒரு பொண்ணு கதவுல காத வெச்சு கேக்கறேன்னு சொல்லி டைஸ உருட்டினா, 20. என்ன கேக்குதுன்னு நான் அவகிட்டயே கேட்டேன். 'யாரோ பாடுறாங்க அக்கா, ரொம்ப மெதுவா, பாதி வரிய மட்டும் திரும்ப திரும்ப'ன்னா. அதோட முடிச்சோம். நோட்ல 'காலி அறை'ய அடிச்சுட்டேன். உள்ள பாடுறது யாருன்னு அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் யோசிக்கணும், இல்ல யோசிக்காம போய் அந்த கதவ அவங்கள தொறக்க விடணும், ரெண்டுல எதுன்னு இன்னும் முடிவு பண்ணல.

இப்படிக்கு,
பன்னெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமைகள்ல கேம் மாஸ்டரா இருக்குற ஒரு வாசகி